ரீமேப் செய்த காரில் கிளட்ச் தகராறா? கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்

போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து மாப்பிள்ளை முறையுள்ள ஒருவன் டீசல் காரோடு வந்து நின்றான். பவர் ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி (ரீமேப்), டர்போவிலிருந்து வரும் புகைக்குழாயையும் (டவுன்பைப்) மாற்றிய வண்டி. "கிளட்ச் செட்டே மாத்தியாச்சு அத்தான், இன்னமும் ரிவர்ஸ் போட்டா கரகரங்குது" என்றான். பெடலை நாலு தடவை மடமடவென்று மிதித்துவிட்டு ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அப்படியென்றால் கோளாறு பிளேட்டில் இல்லை, மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஆயில் லைனில். கீழே படுத்து, அந்த லைனின் கியர்பாக்ஸ் முனையில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் உள்ளே ஈரம். சீல் போய் ஆயில் கசிந்திருக்கிறது. நல்ல கிளட்ச் பிளேட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

பவர் ஏற்றிய வண்டி என்றாலே "பிளேட் தாங்கலை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம். இன்ஜின் இழுவை முழுசாகக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் கிளட்ச் வழுக்குவது ஒரு நோய், மிதித்தும் இன்ஜினிலிருந்து பிரியாமல் ஒட்டிக்கொள்வது வேறு நோய். இன்ஜின் அணைந்திருக்கும்போது கியர் எல்லாம் வழவழவென்று விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் அது பிரியாத கிளட்ச். முதலில் கால் மிதியைப் பாருங்கள். செம்மண் ஒட்டாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்றாக மேட் போட்டு, பெடல் முழுக்க இறங்காமல் தடுத்துவிட்டுக் கிளட்சைத் திட்டுகிறவர்கள் உண்டு. அடுத்து ஆயில் அளவு, லைனில் காற்று, மேலே பெடல் பக்கமுள்ள மாஸ்டர், கீழேயுள்ள ஸ்லேவ் என இரண்டு சிலிண்டர்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதனால் கிளட்ச் பக்கம் கசிவு என்றால் அலட்சியம் வேண்டாம்.

வழுக்குவதைக் கண்டுபிடிக்க ஹேண்ட்பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பார்கள். அணைந்தால் "கிளட்ச் சூப்பர்" என்று தீர்ப்பு! அடியோடு செத்த கிளட்சைத்தான் இந்தச் சோதனை காட்டும். நம்பிக்கை வராமல் ஐந்தாறு முறை செய்தால், நன்றாக இருந்த பிளேட்டும் கருகும். திருமயம் பக்கம் ஆளில்லாத நேர் சாலையில் நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் போய், முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். டீசல் டர்போவுக்கு 2,000 ஆர்பிஎம் பக்கம்தான் இழுவை உச்சத்துக்கு வரும். அங்கே ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் வழுக்கல். 190 நியூட்டன் மீட்டர் இழுவைக்குச் (டார்க்) செய்த கிளட்சில் 230 ஏற்றினால் புதிதாக இருக்கும்வரை தாங்கலாம். தேய்ந்த பிளேட்டில் அந்த மிச்சத்தை நம்ப முடியாது.

வழுக்கல் உறுதியானாலும் உடனே பெரிய கிளட்ச் வாங்க ஓடாதீர்கள். கேபிள் கிளட்ச் என்றால் பெடலில் கொஞ்சம் விளையாட்டு, அதாவது தளர்வான ஆட்டம், இருக்கிறதா பாருங்கள். கேபிள் விறைப்பாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு பிளேட்டில் ஆயில் தெரிந்தால், இன்ஜின் கிராங்க் தண்டின் பின்சீல், கியர்பாக்ஸ் முன்சீல் இரண்டையும் சோதிக்காமல் மூடக் கூடாது. ஆயில் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டுவதும் வீண் வேலை.

அப்புறம் இந்த செராமிக் பிளேட் மோகம். ரேஸ் டிராக்கில் அது ராஜா. தைப்பூச நேரத்தில் குன்றக்குடி வழியாகப் பழனி போகும் காவடிக் கூட்டத்துக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து பாருங்கள். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி உதறும், இடது முழங்கால் கெஞ்சும். அளவுக்கு மீறிக் கடினமான பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்), ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் சேர்த்துத் தள்ளுகிறது. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு, சற்றே பலமான பிரஷர் பிளேட்டும் சாதாரண ஆர்கானிக் பிளேட்டும் போதும் என்பது என் கட்சி.

பெடலை மிதித்தால் சத்தம் வருகிறதென்றால் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நியூட்ரலில் காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பேரிங்.

புது பிளேட் போடும்போது, அது ஒட்டிச் சுழலும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. ஒற்றை ஃப்ளைவீல் என்றால் லேத்தில் லேசாகக் கடைந்துகொள்ளலாம். நடுவில் ஸ்பிரிங்கோடு இரண்டு பாகமாக வரும் டூயல் மாஸ் என்றால் லேத் பக்கமே போக வேண்டாம். ஆட்டம் பார்த்து, அதிகமென்றால் மாற்றிவிடுங்கள்.

மாட்டிய அன்று மாலையே இழுத்துப் பார்க்கிற ஆசையையும் அடக்க வேண்டும். புது பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று பழக 500 முதல் 800 கிலோமீட்டராவது ஆகும். அதையும் ஹைவேயில் ஒரே கியரில் ஓட்டித் தீர்க்கக் கூடாது. காரைக்குடித் தெருக்களில் நின்று நின்று, கியர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். டிக்கி நிறைய ஆத்தங்குடிக் கல் ஏற்றி வருவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.