டயாலிசிஸ் நடக்கும்போதே வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் இருப்பவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் ராத்திரி அரிப்பில் தூக்கமே இருக்காது. கேட்காமல் சொல்லமாட்டார்கள். மாதம் ஒருமுறை வலி, அரிப்பு, கால் குடைச்சல், குமட்டல், மூச்சுத்திணறல், மனச்சோர்வு ஒவ்வொன்றுக்கும் 0 (தொல்லை இல்லை) முதல் 4 (மிகக் கடுமை) வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 3, 4 வந்தால் அடுத்த டயாலிசிஸன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இந்தத் தொல்லைகளைக் குறைப்பதுதான் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை; அதற்காக டயாலிசிஸை நிறுத்த வேண்டியதில்லை.

அரிப்புக்கு முதலில் தோலைக் கவனியுங்கள். குளித்துத் துவட்டியதும் ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத கிரீமோ தடவுங்கள், நாளைக்கு இரண்டு தடவை. பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டால்தான் வேலை செய்யும். வெறும் வயிற்றில் வீண். அலர்ஜி மாத்திரையான செட்ரிசினால் பெரிதாகப் பலன் கிடைப்பதில்லை. டாக்டர்கள் பெரும்பாலும் கபாபென்டின் 100 மி.கி.யில் தொடங்குவார்கள், டயாலிசிஸ் முடிந்த பிறகு. அந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும், இவர்களுக்கோ டயாலிசிஸில்தான். மற்றவர்களுக்குத் தரும் 300 மி.கி. மூன்று வேளை என்ற அளவைக் கொடுத்தால் தள்ளாட்டம், உளறல், கைகால் வெட்டிவெட்டி இழுப்பது எல்லாம் வரும். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால், அடுத்த மாத்திரைக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கால் குடைச்சலுக்கும் இதே மருந்து உதவும். இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வலிக்கு பாராசிட்டமால், நாளைக்கு 3 கிராமுக்குள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம்: மிச்சமிருக்கும் கொஞ்ச சிறுநீரும் நின்றுபோகலாம், வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மார்ஃபின், கோடீன் இரண்டின் கழிவும் உடம்பில் தேங்கி மயக்கத்தில் தள்ளும். கடும் வலிக்கு, தோலில் ஒட்டும் பியூப்ரினார்ஃபின் அல்லது ஃபென்டனில் பேட்ச் அவற்றைவிடப் பாதுகாப்பானது. பேட்ச்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது, மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கிவிடும். இவை மலச்சிக்கல் தரும் என்பதால் மலமிளக்கியான லாக்டுலோஸும் கூடவே தொடங்க வேண்டும். மில்க் ஆஃப் மக்னீசியா ஆகாது, மக்னீசியம் சேர்ந்துவிடும்.

தாகத்துக்குக் காரணம் பெரும்பாலும் உப்புதான்: ஊறுகாய், அப்பளம், கருவாடு. ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருப்பதால் அது இன்னும் ஆபத்து. ஐஸ் கட்டி சப்பலாம், அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு டயாலிசிஸிலும் பிரஷர் இறங்குகிறது, அட்மிஷன் கூடுகிறது, படுக்கையே கதி என்ற நிலை வந்தால், டயாலிசிஸைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். அவருக்கு எது முக்கியம், அவரால் பேச முடியாதபோது யார் முடிவு சொல்வது என்பதை நோயாளியிடமே கேட்டு எழுதிவையுங்கள். டயாலிசிஸை நிறுத்தினால் பொதுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் உயிரோடு இருப்பார். சிறுநீர் போகிறவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகலாம். மூச்சுத்திணறல், குமட்டல், அமைதியின்மைக்கான மருந்துகள் அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். சாப்பிடவில்லையே என்று சொந்தக்காரர்கள் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வார்கள். அந்த நீர் நுரையீரலில்தான் போய்ச் சேரும். ஈரப்பஞ்சால் வாயை நனைத்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.