தடித்த எழுத்து காதுக்கு எட்டாது

"தடித்த எழுத்தில் உள்ளவற்றை மட்டும் அசலாகக் கொண்டுவரவும்." மதுரை அலுவலகம் ஒன்றிலிருந்து என் நண்பருக்கு வேர்டு கோப்பாக வந்த அறிவிப்பில் இருந்த வரி இது. அவருக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்துக் கேட்பவர். ஆறு சான்றிதழ்களின் பெயரும் ஒரே குரலில் வரிசையாக வந்தன. எவை தடித்தவை என்று தெரியாமல், உத்தேசமாக இரண்டை அசலாகவும் மற்றதை ஜெராக்ஸாகவும் எடுத்துக்கொண்டு உசிலம்பட்டியில் பஸ் ஏறினார். இரண்டில் ஒன்று தப்பு. மறுநாள் மறுபடியும் பஸ்.

முக்கியம் என்பதை எழுத்தின் தோற்றத்தில் மட்டும் காட்டுவதுதான் முதல் தவறு. சிவப்பு நிறமும் அப்படித்தான். இணையப் பக்கங்களை எல்லாரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலின் விதி 1.4.1, எதையும் நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது என்கிறது. இணையப் பக்கமென்றால், அதை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியின் 'பி' (b) குறிச்சொல் எழுத்தைத் தடிப்பாக்குவதோடு சரி. 'ஸ்ட்ராங்' (strong) குறிச்சொல் போட்டால்தான் இது முக்கியமான செய்தி என்ற பொருளும் கோப்புக்குள் பதிகிறது.

சரி, ஸ்ட்ராங் போட்டாயிற்று, வேலை முடிந்ததா? இல்லை. இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் தவறுகிறார்கள். என்விடிஏ-வில் ஸ்ட்ராங், அழுத்தம் காட்டும் 'எம்' (em) ஆகிய இரண்டு குறிச்சொற்களையும் அறிவிக்கும் வசதி முதலில் அணைந்தே இருக்கும். என்விடிஏ விசையோடு கண்ட்ரோல், டி அழுத்தி, அமைப்புக்குள் போய் இயக்க வேண்டும். ஆகவே குறிச்சொல்லும் வேண்டும், முக்கியம் என்பதைச் சொல்லால் எழுதுவதும் வேண்டும். "அசல் கட்டாயம்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்" என்று எழுதியிருந்தால் நண்பர் ஒரே நடையில் முடித்திருப்பார். அழுத்தம் கொடுக்கத் தமிழில் 'தான்' இருக்கிறது. "நீங்கள்தான் வர வேண்டும்" என்பதை எந்தக் கருவியும் விழுங்கிவிட முடியாது. அதற்காக எழுத்தைச் சாய்க்க வேண்டாம், சாய்ந்த தமிழ் எழுத்து மங்கலான பார்வை உள்ளவர்களைச் சிரமப்படுத்தும்.

அப்புறம், தலைப்புக் குழப்பம். தலைப்பை வெறுமனே தடிப்பாக்கி விட்டால், 'ஹெச்' விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். வேர்டில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற ஸ்டைல்கள் அதற்கென்றே உள்ளன. இதன் மறுபக்கமும் நடக்கிறது. பெரிதாகத் தெரியட்டும் என்று "கட்டணம் திரும்பத் தரப்படாது" என்ற வரிக்கு ஹெடிங் 2 போடுகிறார்கள். கேட்பவருக்கு அது புதிய பகுதியின் தொடக்கம். அடுத்து வரும் நான்கு பத்தியும் கட்டணம் பற்றியவை என்றே எடுத்துக்கொள்வார்.

பத்தி முழுக்க ஸ்ட்ராங் போடுவதும் வேண்டாம். அறிவிக்கும் வசதியை இயக்கி வைத்திருப்பவருக்கு எது முக்கியம் என்று பிரிக்கவே வழி இருக்காது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்தால் தலைப்பு உட்பட எல்லாக் குறிகளும் போய்விடும். வேர்டிலிருந்து நேரடியாக 'சேவ் ஆஸ்' வழியே பிடிஎஃப் ஆக்குங்கள், அங்கே ஆப்ஷன்ஸில் அணுகல்தன்மைக்கான டேக் வசதியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருப்பதும் அவசியம். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த தமிழை ஸ்கிரீன் ரீடர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் வாசிக்கும்.