போர்ட் மிரரிங் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ ஒரு கம்பெனியில் "பில்லிங் மெதுவாக இருக்கிறது, நெட்வொர்க்தான் காரணம்" என்று புகார் வந்தால், ஸ்விட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து (அதாவது அதில் ஓடும் டிராஃபிக்கின் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பி), அந்த இன்னொரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, டிராஃபிக்கைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அதில் காணாத பாக்கெட் (டேட்டாத் துண்டு) எல்லாம் நெட்வொர்க்கில் தொலைந்துவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

கணக்கைப் பாருங்கள். அப்லிங்க் என்பது ஸ்விட்சை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் லைன். 1 ஜிகாபிட் அப்லிங்கில் நொடிக்குப் போவது 1, வருவது 1 என்று மொத்தம் 2 ஜிகாபிட் வரை ஓடலாம். இரண்டையும் லேப்டாப் செருகிய 1 ஜிகாபிட் மிரர் போர்ட்டில் திணித்தால், மிச்சத்தை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். சராசரி டிராஃபிக் குறைவாக இருந்தாலும் பேக்கப் ஓடும் சில நொடிகளில் இது நடந்துவிடும். வயர்ஷார்க்கில் "ஏசிகேடு அன்சீன் செக்மென்ட்" என்ற வரி அடிக்கடி வந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் பாக்கெட் எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்து பதிலும் வந்துவிட்டது, நம்மிடம்தான் சிக்கவில்லை. மிரர் போர்ட்டில் அவுட்புட் டிராப்ஸ் (அனுப்ப முடியாமல் கீழே போட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அப்லிங்கை விட்டுவிட்டு, புகார் வந்த கம்ப்யூட்டரின் போர்ட்டை மட்டும் மிரர் செய்யுங்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரே பாக்கெட் உள்ளே வரும் போர்ட், வெளியே போகும் போர்ட் இரண்டையும் சோர்ஸாக (நகல் எடுக்கும் போர்ட்டாக) கொடுத்தால் அது இரண்டு முறை பதிவாகும். வயர்ஷார்க் அதை ரீடிரான்ஸ்மிஷன், அதாவது தொலைந்துபோய் மறுபடி அனுப்பிய பாக்கெட், என்று காட்டும். பாவம், நன்றாக இருக்கும் கேபிளை மாற்றுவார்கள்.

டெஸ்டினேஷன் போர்ட், அதாவது நகல் போய்ச் சேரும் மிரர் போர்ட், விஷயத்தில் அவசரமே கூடாது. சிஸ்கோ ஸ்விட்சில் டெஸ்டினேஷனாக்கிய போர்ட்டில் வழக்கமான டிராஃபிக் நின்றுவிடும். "லைன் புரோட்டோகால் டவுன்" என்று காட்டினால் பதற வேண்டாம், பக்கத்திலேயே "மானிட்டரிங்" என்று இருக்கும், அது சரிதான். அதே இடத்தில் தவறி அப்லிங்கின் எண்ணை அடித்துவிட்டால்? புதுச்சேரியில் உட்கார்ந்து கடலூர் ஸ்விட்சை ரிமோட்டில் மாற்றுகிறவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். முதலில் ஓடும் கான்ஃபிகரேஷனைச் சேமித்து, "ரீலோட் இன் 10" கொடுத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள். தொடர்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரியாக இருந்தால் "ரீலோட் கேன்சல்" அடிக்க மறக்காதீர்கள், மறந்தால் வேலை நேரத்தில் மொத்த ஆபீஸும் நிற்கும்.

விஎல்ஏஎன் டேக் (பாக்கெட் எந்த உட்பிரிவு நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று சொல்லும் குறி) வயர்ஷார்க்கில் தெரியவில்லை என்றால், டெஸ்டினேஷன் கமாண்டில் "என்கேப்சுலேஷன் ரெப்ளிகேட்" சேர்த்தீர்களா என்று பாருங்கள். லேப்டாப்பின் நெட்வொர்க் கார்டே டேக்கை உரித்துவிடுவதும் உண்டு.

வேலை முடிந்ததும் "நோ மானிட்டர் செஷன் 1" கொடுத்து செஷனை (மிரரிங் அமைப்பை) எடுத்துவிடுங்கள்; 1 என்பது செஷனின் எண். விட்டுவைத்தால் அந்த போர்ட்டில் யார் செருகினாலும் மற்றவர்களின் டிராஃபிக்கைப் பார்க்கலாம். பதிவு செய்த கோப்பில் என்கிரிப்ட் ஆகாத பாஸ்வேர்டுகள் அப்படியே இருக்கும், அதையும் லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டே கிளம்புங்கள்.