தமிழாசிரியர் ஐயாவின் கணினிக்கு எந்த லினக்ஸ்?

குடியாத்தத்தில் 18 ஆண்டுகளாக ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதிலிருந்து, கடை வாசலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: "அக்கா, நல்லாத்தானே ஓடுகிறது, இதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டுமா?" விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். நம் ஊர் வீடுகளில் இருப்பவை அதற்கு முந்தையவை. அவற்றைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை. நெசவுக் கூலியில் சீட்டுக் கட்டி வாங்கிய கணினிகள் அவை. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் கடைக்குக் கொண்டுவந்த கணினியை வைத்தே சொல்கிறேன். நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி நினைவகம், சுழலும் பழைய வன்தட்டு. இயக்கினால் திரை வருவதற்குள் காபி ஆறிவிடும் என்றார்.

எதை நிறுவுவது என்பதை நான் கடைசியில்தான் முடிவு செய்வேன். அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார், ஒரு வாரத்தில் என்னென்ன செய்வார் என்று முதலில் ஒரு தாளில் எழுதி வாங்குவேன். ஐயாவின் தாளில் இருந்தவை: ஊர்க் கோயில்களைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் தட்டச்சு செய்வது, யூடியூபில் கச்சேரி கேட்பது, மின்கட்டணம் கட்டுவது, பெங்களூரில் இருக்கும் பேரனுடன் காணொளியில் பேசுவது, அச்செடுப்பது. இத்தனையும் லினக்ஸில் நடக்கும்.

நடக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், கைரேகைக் கருவி வைத்துச் சேவை மையம் நடத்துகிறவர்கள், பேஜ்மேக்கரில் பத்திரிகை வடிவமைக்கிறவர்கள் விண்டோஸை விட்டுவிட வேண்டாம். என் கடையிலும் பத்திரிகை வேலைக்கென்று ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது.

இனி, எடைக்கு வருகிறேன். லினக்ஸில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை, அதாவது பட்டியல், சாளரங்கள், கீழ்ப்பட்டை எல்லாவற்றையும், டெஸ்க்டாப் சூழல் என்கிறார்கள். லினக்ஸ் பல பெயர்களில், பல வடிவங்களில் கிடைக்கிறது. அவற்றில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டுக்கே சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று சூழல்கள் உண்டு. சின்னமன் அழகு, ஆனால் கொஞ்சம் கனம். எக்ஸ்எஃப்சிஇ 1996 முதல் வளர்ந்து வருவது, அடக்கமானது. லுபுண்டு என்னும் இன்னொரு வடிவத்தில் வரும் எல்எக்ஸ்க்யூடி அதைவிட இலேசு. ஐயாவின் கணினியில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். வேறெதுவும் திறக்காத நிலையில் எக்ஸ்எஃப்சிஇ ஏறத்தாழ 700 எம்பி நினைவகம் எடுத்தது, எல்எக்ஸ்க்யூடி 500 எம்பி. பிறகு ஃபயர்ஃபாக்ஸில் கச்சேரி, மின்னஞ்சல், செய்தித்தாள் என்று நான்கு தாவல்கள் திறந்தேன். இரண்டு சூழலிலும் கணக்கு 2 ஜிபியைத் தாண்டிவிட்டது. எந்தச் சூழல் இலேசு என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். 200 எம்பி மிச்சத்தை ஒரே ஒரு தாவல் விழுங்கிவிடும். உண்மையான பாரம் உலாவியில் இருக்கிறது.

அதனால் பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் வன்தட்டை மாற்றுங்கள். சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி தட்டு 240 ஜிபி அளவில் போதும். அடுத்தது நினைவகம், 4 ஜிபியை 8 ஆக்குங்கள். வாங்கும் முன் டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்று பழைய பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வாயால் சொல்லி வாங்காதீர்கள். ஒன்று மாற்றி ஒன்று பொருந்தாது. அலுவலகங்கள் கழித்த சிறிய பெட்டிக் கணினியைப் புதுப்பித்து விற்பதை வாங்குவதானாலும் இதே அளவைத்தான் கேளுங்கள்: நான்காம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி, எஸ்எஸ்டி. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி விசிறியைப் பாருங்கள். சித்திரைக் கடைசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தூசி அடைத்த விசிறியால் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து, 'லினக்ஸ் மெதுவாக ஓடுகிறது' என்று என்னிடம் வந்தவர்கள் பலர். ஒரு தூரிகையால் தீர்ந்த குறை அது.

பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. மின்ட் 22க்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜிபிதான் என்றால் லுபுண்டு, ஆனால் 24.04 போன்ற நீண்டகால வெளியீட்டுக்கும் மூன்று ஆண்டு ஆதரவுதான். அதற்கும் கீழே, மிகப் பழைய 32 பிட் செயலியாக இருந்தால், ஆன்டிஎக்ஸ் 23 என்னும் இலேசான லினக்ஸ். ஆன்டிஎக்ஸுக்கு அடிப்படையான டெபியன் என்னும் லினக்ஸ் தன் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டதால் அந்த வழி குறுகிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட கணினிக்குச் செலவு செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

நிறுவும் முன் பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். அரை நாளாவது ஓட்டுங்கள். வைஃபை, ஒலி, கேமரா, எல்லாவற்றுக்கும் மேலாக அச்சுப்பொறி. ஒரு பத்திர எழுத்தருக்கு நிறுவிக் கொடுத்தபோது அச்சுப்பொறியைச் சோதிக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் முகூர்த்த நாள். பதிவுக்கு வந்தவர்கள் வாசலில் நிற்க, அவருடைய அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருள் லினக்ஸில் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கடை அச்சுப்பொறியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அவர் கோபிக்கவில்லை, ஆனால் அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் அச்சுப்பொறியையும் கூடவே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

தமிழ் தட்டச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் லினக்ஸைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். விசைப்பலகை அமைப்புகளில் தமிழ் என்று தேடினால், தமிழ்99 விசைப்பலகைக்குத் தமிழ்நெட் 99 என்ற பெயரிலேயே பல வரிகள் வரும். டாப், டிஸ்கி என்று முடிபவை பழைய குறியாக்கங்களுக்கானவை, அவற்றைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து உருக்குலையும். இன்று எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் குறியாக்கமான யுனிகோட் வரியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு குறை இருக்கிறது. தமிழ்99இல் 'அக்கா' என்று எழுத அ, க, க, ஆ என்று நான்கு விசைகளே போதும், முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும். அமைப்புகளில் வரும் அந்தச் சாதாரண விசைப்பலகை முன்பின் எழுத்தைப் பார்க்காது, ஆகவே புள்ளியை நாமே வைக்க வேண்டும். 1999 முதல் தமிழ்99 பழகிய விரல்களுக்கு இது சித்திரவதை. ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியையும், அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதில் இருக்கும் தமிழ்99ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளி தானே விழும். ஐயா முதலில் தட்டிப் பார்த்த சொல் 'கெங்கையம்மன்'. இரட்டை மகரத்தில் புள்ளி விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய பழைய கட்டுரைகள் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால், லினக்ஸில் ஆவணங்கள் எழுத உதவும் லிப்ரேஆஃபிஸில் அவற்றைப் படிக்கலாம். ஆனால் தேட முடியாது, மின்னஞ்சலில் அனுப்பினால் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே ஒவ்வொன்றையும் யுனிகோடுக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்தே ஆக வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துகளில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும்.

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்றொரு கருவி கூடவே வருகிறது. ஏதாவது திருத்தம் கணினியைக் கெடுத்தால் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடும். முதல் நாளே இயக்கிவையுங்கள். ஆனால் அது காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் கட்டுரைகளுக்கும் படங்களுக்கும் தனியாக இன்னொரு பிரதி வேண்டும்.

ஐயாவின் கணினியில் எஸ்எஸ்டி மாட்டி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ நிறுவினேன். எழுத்தளவைப் பெரிதாக்கினேன். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், கோப்புறை மூன்றையும் கீழ்ப்பட்டையில் அவர் முன்பு பார்த்துப் பழகிய வரிசையிலேயே வைத்தேன். தமிழ்99 விசைப்படத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டினேன். கழற்றிய பழைய வன்தட்டை அழிக்காமல் காகித உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி அவர் கையிலேயே கொடுத்தேன். மூன்று மாதம் பீரோவில் வைத்திருங்கள் ஐயா, அதற்குள் தேவைப்படாவிட்டால் கொண்டுவாருங்கள், உங்கள் கோப்புகளுக்கான பிரதித் தட்டாக மாற்றித் தருகிறேன் என்றேன். போன வாரம் உறையோடு வந்துவிட்டார்.