அந்திரேயாவை வைத்து மூன்று வாரம் வேதபாடம் எடுப்பது எப்படி

சீஷத்துவம் என்றதும் எல்லாரும் பேதுருவையோ பவுலையோதான் எடுப்பார்கள். நான் இயேசுவின் பன்னிரண்டு சீஷரில் ஒருவரான அந்திரேயாவை எடுக்கச் சொல்வேன். திசையன்விளைப் பக்கம் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் அக்காமார், "பவுலப் போல நம்மால ஆகுமா டீச்சர்" என்று சுலபமாக நழுவிவிடுவார்கள். அந்திரேயாவிடம் அந்தச் சாக்கு செல்லாது. அவர் நிருபம் எழுதியவரும் இல்லை, பெரிய பிரசங்கம் செய்தவரும் இல்லை.

நவம்பர் தோதான மாதம். 30-ஆம் தேதி அவருடைய திருநாள். அதையொட்டி வரும் ஞாயிறுதான் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வென்ட் காலத்தின் தொடக்கம். மழைக்காலம், கரண்ட் போனாலும் போகும், ஆறரைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் வாரம் யோவான் 1:35-42. அந்திரேயா மற்றவர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்ன செய்தார் என்று கேளுங்கள். இயேசு தங்கியிருந்த இடத்துக்குப் போய், அன்றைக்கு அவரோடேயே இருந்தார். பத்துமணி வேளை என்றால் நம் கணக்கில் சாயங்காலம் நாலு மணி. அப்புறம் முதலில் தேடிப் போனது கூடப்பிறந்த சீமோன் பேதுருவை. இந்த இடத்தில் நின்றுவிடுங்கள். நேரம் போனால் போகட்டும்.

பக்கத்து ஊர் கூட்டத்துக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள், அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. விசாரித்தால் எல்லையில் நிற்கிற ஒரு பனைமரம்தான் காரணமாக இருக்கும். ஆகவே வீட்டுப்பாடம் இதுதான்: பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர் வீடு ஒன்றுக்குப் போய்வர வேண்டும். சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வந்தால் போதும். அடுத்த வாரம் அதைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லாதீர்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட சாட்சி ராத்திரிக்குள் ஊர்க்கதை ஆகிவிடும்.

இதோடு இன்னொன்றையும் காட்டுங்கள். சீமோனை இயேசுவிடம் அழைத்து வந்தவர் அந்திரேயா. பெயர் பெற்றது தம்பியோ அண்ணனோ, அந்தப் பேதுரு. யவீருவின் வீட்டுக்குள், மறுரூப மலையில், கெத்செமனேயில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரைத்தான் இயேசு கூட்டிப்போகிறார். அந்திரேயா முறுமுறுத்ததாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. சபைத் தேர்தல் வருகிற வருஷமானால் இதைக் கட்டாயம் எடுங்கள், யார் பக்கமும் பார்க்காமல்.

இரண்டாம் வாரம் யோவான் 6. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். இன்னொரு சீஷரான பிலிப்பு, இருநூறு பணத்து அப்பமும் போதாது என்று கணக்குப் போடுகிறார். அந்திரேயாவுக்கும் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் எம்மாத்திரம் என்ற சந்தேகம் உண்டு. இருந்தாலும் அவற்றை வைத்திருந்த பையனைக் காட்டிவிட்டுத்தான் சந்தேகப்படுகிறார். அவன் கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறதே! சபை விருந்தான அசனத்தின் வேலையில் பெரியவர்கள் விரட்டிவிடுகிற ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இலை போடச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்கு அது போதும்.

கடைசி வாரம் யோவான் 12:20-22. கிரேக்கர் சிலர் இயேசுவைக் காண விரும்பி வருகிறார்கள். பிலிப்பு தயங்கி அந்திரேயாவிடம் வர, இருவருமாகப் போய்ச் சொல்கிறார்கள். இங்கே நம் கதையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1903-இல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அதில் முன்நின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் அங்கேயே பேராயரானார். இப்போது வெளியூர்க்காரர் நம்மைத் தேடி வந்திருக்கிறார்கள். கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடக்கத்திப் பையன்களைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது யார் என்று அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

அந்தக் கிரேக்கர் இயேசுவைப் பார்த்தார்களா என்று யாராவது கேட்பார்கள். யோவான் அதை எழுதவில்லை என்று சொல்லுங்கள். பத்ரா பட்டணத்தில் எக்ஸ் வடிவச் சிலுவையில் அந்திரேயா மரித்தார் என்பதும் பிற்காலப் பாரம்பரியமே. பிள்ளைகள் அதை வரைய ஆசைப்படுவார்கள், வரையட்டும். வேதத்தில் இல்லை என்பதை மட்டும் கூடவே சொல்லிவையுங்கள்.