அடையாள அட்டை இல்லாத குடும்பங்களுக்குப் பங்குக் கோவிலில் ஓர் ஆவண மேசை அமைப்பது எப்படி?

அரிசி, எண்ணெய், மைலோ அடங்கிய உதவிப் பையைக் கொடுப்பதற்குக் கோலாலம்பூரில் நான் அறிந்த தமிழ்ப் பங்குகள் (கிறிஸ்தவக் கோவில் சமூகங்கள்) அனைத்திலும் ஆள் இருக்கிறது. அந்தப் பைக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்தை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தால், வறுமைக்கு அடியில் பல வேளைகளில் ஒரு தாள் விவகாரம் கிடப்பது தெரியவரும். தகப்பனிடம் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை அல்லாத, நிரந்தர வசிப்பிட உரிமைக்கானது) இருக்கும். மகனின் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்லாதவர்) என்று அச்சாகியிருக்கும். கடைசிப் பிள்ளைக்குப் பத்திரமே இருக்காது. அந்தப் பிள்ளை வளர்ந்தபின் வங்கிக் கணக்கு, வாகன உரிமம், சேமநிதி பிடிக்கும் வேலை என ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பப்படும். இந்த விவகாரத்தைத் தீர்க்க உதவும் மேசையை ஒரு பங்கு எப்படி நடத்தலாம் என்பதை, செந்தூல் பக்கத்தில் சில ஆண்டுகள் அந்த வேலையில் உட்கார்ந்திருந்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள். மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவர் மலாய்க் கடிதங்களைத் தடையில்லாமல் படித்து எழுதக் கூடியவராக இருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற கிராணியோ ஆசிரியரோ அநேகமாக ஒவ்வொரு பங்கிலும் இருப்பார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மண்டபத்திலேயே மேசை போடுவது வசதிதான் என்றாலும், பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை என்பதை நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எந்தத் தாயும் வாய் திறந்து சொல்லமாட்டாள். ஆகையால் சனிக்கிழமை மாலையில், மறைக்கல்வி வகுப்பறையில், கதவைச் சாத்திக்கொண்டு நடத்துங்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்களாக இருப்பார்கள். அடுக்குமாடி வீடுகளிலிருந்து மலாய் முஸ்லிம் குடும்பங்களும் வரக்கூடும். இஸ்லாமியரிடையே பிற மதப் பரப்புரையைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) ஆவது விதி இடமளிக்கிறது. அதைவிட, உதவி கேட்டு வந்தவர் கையில் ஜெபத் தாளைத் திணிப்பது நாகரிகமும் அன்று. மேசையில் பேனாவும் பாரங்களும் மட்டும் இருக்கட்டும்.

வருகிற அம்மா ஒரு ஞெகிழிப் பையைக் கவிழ்ப்பார். மின் கட்டண ரசீது, மருத்துவமனைச் சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்த பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகம் எல்லாம் ஒன்றாக விழும். எதையும் ஒதுக்காதீர்கள், ஏனெனில் பிள்ளை எந்த மருத்துவமனையில், யாருக்குப் பிறந்தது என்பதற்கு அந்த இளஞ்சிவப்புப் புத்தகமே சில வேளைகளில் ஒரே சாட்சி. ‘பிறப்பை அறுபது நாளுக்குள் ஏன் பதியவில்லை?’ என்ற கேள்வியை, பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வழங்கும் தேசியப் பதிவிலாகாவின் அதிகாரி எப்படியும் கேட்பார். நாமும் கேட்டுக் குறுக வைக்க வேண்டியதில்லை. அசல்களை நகலெடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்து அசல்களை வாங்கி அலமாரியில் வைத்தோம். ஒரு பெருமழையில் கூரை ஒழுகி ஒரு குடும்பத்தின் இரண்டு பத்திரங்கள் ஊறிப்போயின. மாற்றுப் பத்திரம் எடுக்க நாங்கள் அலைந்த அலைச்சலைவிட, அந்தத் தாய் எதுவும் சொல்லாமல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

நம் மக்களிடம் முடிச்சு அநேகமாகத் திருமணத்தில்தான் விழுகிறது. 1976 ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, இஸ்லாமியர் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். கோவிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, பதிவை மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால், அந்தத் தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அதன் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்தே தீர்மானிக்கப்படும். தகப்பன் மலேசியக் குடிமகனாக இருந்தும், தாயிடம் ஆவணம் இல்லாததால் பிள்ளை நாடற்றதாகிப் போவது இப்படித்தான். பிறகு திருமணத்தைப் பதிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பெற்றோர் பின்னர் மணம் புரிந்தும், தகப்பன் வழியாகக் குடியுரிமை வராது என்று 2021 இல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் அடுத்துப் பிறக்கப்போகும் பிள்ளைக்காகவாவது இன்றே பதிவதே சரி. உதவிப் பதிவாளராக நியமனம் பெற்ற பங்குத்தந்தையோ போதகரோ கோவிலிலேயே திருமணத்தைப் பதிய முடிகிறது என்பதால் கிறிஸ்தவர்களான நமக்கு இந்தச் சிக்கல் குறைவு. அந்தத் தெளிவைப் பக்கத்து மாரியம்மன் கோவில் நிர்வாகத்தோடு பகிர்ந்துகொண்டு, நிச்சயதார்த்தம் முடிந்த குடும்பங்களுக்குப் பதிவு முறையைச் சேர்ந்தே விளக்குவது, மேசையில் பத்துக் கோப்புகளைத் தீர்ப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கணிப்பு.

பங்கிடம் மட்டுமே உள்ள இன்னொரு கருவி, பீரோவில் தூசி படிந்து கிடக்கும் பழைய திருமுழுக்குப் பதிவேடு. மலாயாவில் 1957 சுதந்திர நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடியப் பிறந்தவர்கள், பெற்றோரின் நிலை எதுவானாலும், பொதுவாகப் பிறப்பினாலேயே குடிமக்கள். தோட்டத்து லயத்தில் 1959 இல் பிறந்து, பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட ஒருவருக்கு, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் நீல மையில் எழுதிய அந்த ஒற்றை வரி பெரிய துணை. அது தனித்து நின்று நிரூபணமாகிவிடாது. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, உறவினரின் சத்தியப் பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சிவப்பு அட்டை வைத்திருக்கும் முதியவர்கள் குடியுரிமை கேட்டுப் போகும்போது மலாய் மொழிதான் தடை. சந்தையில் நாள் முழுதும் மலாய் பேசித் தோசை விற்கும் பாட்டி, அதிகாரியின் முன் உட்கார்ந்ததும் தன் பிறந்த தேதியைக்கூடச் சொல்ல முடியாமல் திணறுவார். வாரம் ஒரு மணி நேரம், ஒருவர் அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்கும் பயிற்சி போதும்.

பதிவிலாகாவுக்கு அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போகிறவர் வழக்கறிஞர் தோரணையில் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, முகப்பில் சொல்லப்பட்டதைத் தேதியோடும் ரசீது எண்ணோடும் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். ‘ஆள் பிடித்து முடித்துத் தருகிறேன்’ என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தரகர்களைப் பற்றி முதல் சந்திப்பிலேயே எச்சரித்துவிடுங்கள். நாமும் வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

மற்ற வழிகள் அடைபட்ட பிள்ளைகளுக்கு, அரசியலமைப்பின் 15A விதியின் கீழ் குடியுரிமை கேட்டு மனுச் செய்யலாம். அந்த விதியில் நெடுங்காலம் 21 ஆக இருந்த வயது வரம்பை, மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றிய திருத்தம் 18 ஆகக் குறைப்பதால், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் கோப்புகளை மற்றவற்றுக்கு முன்னால் எடுங்கள். அதே திருத்தம் வேறு விதிகளையும் தொட்டிருப்பதால், பழைய துண்டறிக்கையைப் பார்த்துப் பதில் சொல்லாமல் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ, நாடற்றோர் விவகாரத்தில் நீண்ட அனுபவமுள்ள டிரா மலேசியா என்னும் தொண்டு அமைப்பிலோ கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் காத்திருந்தபின் காரணம் எதுவும் கூறாத ஒற்றைப் பக்க நிராகரிப்புக் கடிதம் வருவது சாதாரணம். ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மறு மனுவுக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தக் கடிதம் தேவை. வந்த தேதியை மூலையில் எழுதி, உறையோடு சேர்த்து அதே கோப்பில் வையுங்கள்.