டீயைத் தள்ளிப்போட்டேன், உடம்பு தேறியது

கல்யாணமாகி இரண்டாவது வருடம். மாதம் தவறாமல் சளி, தொண்டை வலி. "முதல்ல உடம்பைத் தேத்திக்கோம்மா, அப்புறம் குழந்தையைப் பத்தி யோசிக்கலாம்" என்றார் மாமியார். எனக்குக் கோபம்தான் வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். 12 இருக்க வேண்டுமாம்.

அதுவரை கஷாயம், லேகியம் என்று எதையெதையோ விழுங்கியிருந்தேன். கோளாறு டீயில் இருந்தது. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ குடிப்பேன். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கப் பழகினேன். முதல் வாரம் தலைவலி! சாப்பாட்டில் முருங்கைக்கீரை, சுண்டல், மீன். கூடவே நெல்லிக்காய்ப் பச்சடி. வைட்டமின் சி சேர்ந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். கீரை மட்டும் போதாது என்று டாக்டர் தந்த இரும்பு மாத்திரையையும் விடவில்லை. கருவின் வளர்ச்சிக்குத் தேவையான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் தினம் 400 மைக்ரோகிராம்.

சாப்பாட்டால் சரியாகாத ஒன்றும் இருந்தது. கர்ப்பத்தில் வந்தால் குழந்தையைப் பாதிக்கும் ரூபெல்லாவுக்கு (ஜெர்மன் தட்டம்மை) எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி என்பதால் அதற்கான தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போட மாட்டார்கள். முன்கூட்டியே தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருந்தோம்.

ராத்திரி போன் பார்ப்பது மட்டும் இன்னும் முழுசாக விடவில்லை.

நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. மாமியார் கண்ணாடி போட்டு ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.